அடைபட்ட கள்ளு

மன்னார்த் தீவின் மணற்றரையிலே ஓங்கி வளரும் பனைகளில் ஏறிக் கள்ளிறக்குபவர் என் தந்தையார். பல்கலைக்கழகம் புகுந்த முதலாண்டிலே, தந்தையின் தொழிலை வினவிய நண்பர்க்கெல்லாம் "கமம்" என்றே விடை கூறிவந்தேன்.

அவ்வாண்டு விடுமுறையிற் கனடாவில் வாழும் மச்சான் தொலைபேசியிற் பேசினார். வறுத்த வாற்கோதுமை சேர்த்து வீட்டிலேயே கறுத்த பியர் ஆக்கி, முதன்முறையாக 19 லீற்றர் கொள்ளும் உருக்குப் பீப்பாயில் அடைத்தாராம். காபனீரொட்சைட்டைச் செலுத்திக் குளிரிலே சில நாள் வைத்தால் வாயு பியரிற் கரையுமாம். குழாயைத் திறந்ததும் நுரை பொங்குமாம்.

நமது கள்ளுக்கு நுரையை வெளியிலிருந்து ஊட்டவேண்டியதில்லையே என எண்ணினேன். சீவிய பாளையிலிருந்து சொட்டும் சாறு முட்டியில் விழும்போதே மதுவம் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. வெல்லம் அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறுகிறது. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் நொதிப்புத் தடைப்பட்டு இனிய கருப்பநீர் கிடைக்கும், பூசாவிடிற் கள்ளு. அதுவும் நாட்செல்லப் புளித்துக் காடியாகும்.

தந்தையார் கொணர்ந்த கள்ளைக் கண்ணாடிப் போத்தலொன்றிற் கழுத்துவரை நிரப்பி, தக்கையை இறுக்கி, நாரினாற் கட்டி அடுக்களை மூலையில் வைத்தேன். மறுநாள் நண்பகல் அது வெடித்தது. சில்லுகள் சோற்றுப்பானைவரை சிதறின. அம்மா கிணற்றடியில் நின்றமையால் எவர்க்கும் காயமில்லை.

தந்தையார் சினக்கவில்லை. சில்லுகளைப் பொறுக்கியவாறே, "தம்பி, கள்ளு மூச்சுவிடுற சாமான். வழி விடாமல் அடைச்சால் வேறென்ன செய்யும்?" என்றார்.

பின்னரே நூல்களைப் புரட்டினேன். அமுக்கம் மிகும்போது வாயுவை வெளிவிட அப்பீப்பாயில் ஒரு வால்வு உண்டு. போத்தலில் அடைக்கும் கள்ளையோ சூடாக்கி மதுவத்தைச் செயலிழக்கச் செய்தல் வேண்டும். பியர் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணமென லூயி பாஸ்டர் 1876இல் ஒரு நூலே எழுதினார். அந்நூலின் பெயரையும் அறியாத என் தந்தையார், எந்த முட்டி புளிக்கத் தொடங்கிற்று என்பதை மணத்தினாலேயே அறிவார்.

மறுநாட் காலை அவருடன் பனையடிக்குச் சென்றேன். தளைநாரைக் காலிலிட்டு ஏறினார். பாளையை மெல்லத் தட்டி, இழையளவு சீவினார். இறங்கியபோது அவர் கைகளையும் மார்பையும் பார்த்தேன். மரம் உராய்ந்து காய்த்துப்போயிருந்தன. சிறுவயது முதற் கண்ட காய்ப்புத்தான், அன்றுதான் நோக்கினேன். பனைக்கென 1978இல் அரசு ஓர் அபிவிருத்திச் சபையையே நிறுவியது. அப்பனையிலேறி என்னைப் படிப்பித்தவரின் தொழிலைச் சொல்லவே நான் கூசினேன்.

இரண்டாமாண்டுத் தொடக்கத்தில் நிரப்பிய படிவமொன்றில், தந்தையின் தொழில் என்ற இடத்திற் "கள்ளிறக்குதல்" என எழுதினேன். அருகிலிருந்த நண்பன் வாசித்துவிட்டு, "கமம் எண்டாய்?" எனக் கேட்டான். பொய் சொன்னேன் என்றேன்.