கீறல் விழுந்த ரெக்கார்டு

ஒரே விஷயத்தை மூணு தடவை சொல்லிப் பாருங்க. பக்கத்துல இருக்கறவர் உடனே, "கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி ஆரம்பிச்சுட்டியா?" என்பார். சொல்றவர்கள்ல பாதிப் பேர் ரெக்கார்டையே பார்த்திருக்க மாட்டாங்க. நானும் போன வருஷம்தான் நண்பன் வீட்டுப் பரண்ல பார்த்தேன். வெறும் தட்டு மட்டும்தான், போட்டுக் கேக்க மெஷின் இல்லை.

தட்டுல நிறைய வளையங்கள் இருக்குன்னுதான் நினைச்சிருந்தேன். அப்படி இல்லையாம். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பள்ளம். கொசுவத்திச் சுருள் மாதிரி வெளி விளிம்புல ஆரம்பிச்சு உள்ளே சுத்திக்கிட்டே போகுது. (பதிவுலகத்துல கொசுவத்தி சுத்துறதுன்னா வேற அர்த்தம். அதை விடுங்க.) முள் அந்தப் பள்ளத்துல போகும்போது குறுக்கே கீறல் இருந்தா, தடுக்கி முந்தின சுத்துக்குத் தாவிடும். மறுபடி அதே சுத்து, அதே கீறல், அதே தாவல்.

இங்கதான் வணிகவியல் மூளை கணக்குப் போட ஆரம்பிச்சுது. 1948-ல் கொலம்பியா கம்பெனி கொண்டுவந்த எல்.பி. தட்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூணே கால்... இல்லை, முப்பத்து மூணும் மூணில் ஒரு பங்கும் சுத்தும். அப்ப ஒரு சுத்துக்கு 1.8 நொடி. கீறல் விழுந்த ரெக்கார்டால அந்த 1.8 நொடியை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்ல முடியும். அதுக்கு முந்தின 78 சுத்துத் தட்டா இருந்தா இன்னும் மோசம், முக்கால் நொடிக்குக் கொஞ்சம் மேல. ஒரு வார்த்தைகூட முழுசா வராது!

இதே தட்டுல இருந்து வந்த இன்னொரு வழக்கு, 'ப்ளேட்டைத் திருப்பிப் போடறது'. நேத்து ஒண்ணு சொல்லிட்டு இன்னைக்கு அப்படியே மாத்திப் பேசறவங்களுக்கு. ரெண்டையும் ஒப்பிட்டா எனக்குக் கீறல்காரர்தான் தேவலை. அவர்கிட்ட ஏமாத்து வேலை கிடையாது. மானுவல் ஸ்மித்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர், 1975-ல் வந்த புத்தகத்துல இதையே ஒரு வித்தையா சொல்லித் தர்றார். யாராவது வற்புறுத்தினா, கோபப்படாம, காரணம் தேடாம, சொன்னதையே திரும்பச் சொல்லுங்கன்னு. கடன் கேட்டு வர்ற நண்பர்கள்கிட்ட நல்லா வேலை செய்யுது :-)

இவ்வளவு தூரம் யோசிக்கக் காரணம் எங்க ஆச்சி. ரெண்டு வருஷமா ஞாபகம் தேய்ஞ்சுக்கிட்டே வருது. "எய்யா, பரீட்சை எப்போ?" பத்து நிமிஷத்துல நாலு தடவை கேப்பாங்க. மாமா, "ஆச்சி ரெக்கார்டைப் போட்டாச்சு"ன்னு சிரிப்பார். மத்தவங்களும் சிரிப்பாங்க. ஏன் சிரிக்கறாங்கன்னு ஆச்சிக்குப் புரியாது. முகம் சின்னதாயிடும்.

ஆனா கீறல் விழுந்த தட்டுல மிச்சப் பாட்டு அழிஞ்சு போறதில்லை. கீறலுக்கு அந்தப் பக்கம் எல்லாம் அப்படியேதான் இருக்கு. முள்ளை லேசா நகர்த்தி விட்டாப் போதும். அந்தக் காலத்துல முள் பிடிச்சிருக்கற கைமேல ஒரு காசை வைப்பாங்களாம், பாரத்துல தாவாம இருக்க. தட்டு சீக்கிரம் தேய்ஞ்சுடும் அப்படிச் செஞ்சா.

போன வாரம் நாலாவது தடவை கேட்டப்ப, தேதி சொல்லாம, "நீங்க பரீட்சை எழுதியிருக்கீங்களா ஆச்சி?"ன்னேன். அஞ்சாம் வகுப்பு, சிலேட்டுக் குச்சி, கணக்கு வாத்தியாரோட குடை, வாய்க்கால் தாண்டி நடந்து போனதுன்னு கால் மணி நேரம் பேசினாங்க. அதுல பாதி அம்மாவுக்கே தெரியாது. அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "பரீட்சை எப்போய்யா?"

எல்லா நாளும் இப்படி நகராது. சில நாள் எவ்வளவு தள்ளினாலும் அதே இடம்தான். அன்னைக்குத் தேதியையே சொல்லிக்கிட்டு உக்கார்ந்திருப்பேன்.

மாமா அடுத்த தடவை சிரிச்சா இந்த 1.8 நொடிக் கணக்கைச் சொல்லலாம்னு இருக்கேன். பேங்க்ல வேலை பார்த்தவர், கணக்குன்னா காது கொடுத்துக் கேப்பார்.