வாளும் உறையும்

புனித பவுலின் சுரூபத்தை வாளின்றிக் காண்பது அரிது. உரோமைக் குடிமகனாதலால் அவருக்குச் சிலுவைச் சாவு விதிக்கப்படவில்லை. தலை வெட்டுண்டு மாண்டார் என்பது திருச்சபையின் மரபு. ஆயினும் சிற்பிகள் அவர் கையில் தந்தது பெரும்பாலும் உரோமை வீரனின் குறுவாள் அன்று. இடைக்கால ஐரோப்பியரின் நீண்ட, நேரான வாள். கைப்பிடிக்குக் கீழே குறுக்குச் சட்டம் ஓடுவதால், தலைகீழாய் நிறுத்தினால் சிலுவையாகவே தோன்றும். எமது பங்கில் முதியோர் இன்னும் 'சின்னப்பர்' என்றே அழைக்கும் அச்சுரூபத்தின் மரவாளைக் கறையான் அரித்துவிட்டது. இரும்பிலேயே ஒன்று செய்வோம் என்றது பங்குப் பேரவை.

ஆம்பூர்ப் பக்கத்தில் வாள் அடிப்பவர் எவர்? அரிவாள் அடிக்கும் கொல்லர் ஒருவர் இசைந்தார். லாரியின் பழைய வில்பட்டையைக் காய்ச்சி நீட்டினார். நடுப்பகுதி தடித்து, இரு ஓரமும் மெலியத் தட்டினார். செஞ்சூட்டில் எண்ணெயில் முக்கி, பின் இளஞ்சூட்டில் வாட்டினார். வாட்டாத அலகு கண்ணாடி போல் உடையும் என்பது அவர் சொல். கூர் வைக்க வேண்டாம் என்று நாம் கேட்டுக்கொண்டோம்.

தோல் ஆலையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாளு சரி சாமி, உறை எங்கே?" என்றார்.

உறை தைக்க அவர் கேட்ட தோல் எமது ஊரில் எளிதாய்க் கிடைக்கவில்லை. தோலுக்கே பேர்போன ஊரில் இந்த வியப்பு! குரோம் உப்பில் பதனிட்ட தோல் செருப்பின் மேற்புறத்துக்கு ஏற்றது. நனைத்து அழுத்தினால் வடிவம் நில்லாது. மரப்பட்டையில் பதனிட்ட தோலோ ஈரத்தில் இளகி, உலர்ந்ததும் தந்த வடிவிலேயே இறுகும். ஒரு காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எங்கும் ஆவாரம்பட்டைக் குழிகள்தாம். 1970-களில் அரைப்பதத் தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியபின் குரோம் ஓங்கியது. கழிவு பாலாற்றில் சேர்ந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை வாசகர் அறிவர். 2025 சனவரியிலும் அந்நீதிமன்றம் பாலாற்றைப் பற்றியே பேச வேண்டியதாயிற்று. பட்டைத்தோல் இறுதியில் திண்டுக்கல்லிலிருந்து வந்தது.

பெரியவர் தோலை நேரே இரும்பின்மேல் போர்த்தவில்லை. பட்டையின் துவர்ப்பு ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் கறுத்துவிடும். எனவே இலேசான மரப்பலகை இரண்டை அலகுக்கேற்பக் குடைந்து ஒட்டி, அதன்மேல் நனைத்த தோலைச் சுற்றி, பின்புறம் குத்தூசியால் துளையிட்டுத் தைத்தார். நுனிக்குப் பித்தளைப் பூண். ஐரோப்பியரும் இவ்வாறே செய்தனர் என்று சொன்னபோது, "வேற எப்படிச் செய்வாங்க?" என்று கேட்டார்!

அந்த ஆவாரைக்கு இன்னொரு கதையும் உண்டு. தமஸ்கு வாள் என உலகம் புகழ்ந்தவற்றுக்குத் தென்னாட்டிலிருந்தும் உருக்கு போயிற்று. (பவுல் மனந்திரும்பியது அந்தத் தமஸ்குக்குப் போகும் வழியில் என்பது நினைவுக்கு வருகிறது.) மண்குகையில் இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சியை இட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வைப்பர், குச்சியின் கரி இரும்பில் ஏறி அது உருக்காகும். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஹீத் 19-ஆம் நூற்றாண்டில் இதனை எழுதி வைத்தார். ஒரே செடி, வாளுக்குக் கரியும் உறைக்குத் துவர்ப்பும் தந்தது. ஆனால் வாளைச் செய்தவனுக்குக் கிடைத்த மதிப்பு உறையைச் செய்தவனுக்குக் கிடைத்ததா?

கிடைக்கவில்லை என்பது எமது பங்கிலேயே தெரிந்தது. "பீடத்துக்குப் பக்கத்தில் தோலா, சாமி?" என்று ஒருவர் தயங்கினார். மிருதங்கத்தை ஆலயத்தில் வாசிக்கிறோமே என்றோம். அவர் தயங்கியது தோலுக்காக அன்று, தைத்த கைக்காக என்பது எமக்குத் தெரியும். கெத்சமனியில் வாளை உருவிய பேதுருவிடம் அதை உறையிலிடுமாறு ஆண்டவர் பணித்தார் என்று யோவான் எழுதுகிறார். அதே பேதுரு பின்னாளில் யோப்பாவில் பல நாள் தங்கியது கடலோரத்துச் சீமோன் வீட்டில். அச்சீமோன் தோல் பதனிடுபவர். யூதர் ஒதுக்கி வைத்த தொழில். இவ்விரு செய்திகளையும் அடுத்த ஞாயிறு மறையுரையில் அருகருகே வைத்தோம். தயங்கியவர் பூசைக்குப் பின் ஒன்றும் பேசாமல் சென்றார்.

சூன் 29, திருவிழா அன்று உறையைச் சுமந்து வந்தவர் பெரியவரே. "இதுக்குள்ளேயே வெச்சிடாதீங்க சாமி, மழைக்காலத்துல தோலு ஈரம் குடிக்கும், வாளு துருப்பிடிக்கும்" என்றார். ஆகவே வாள் சின்னப்பரின் கையில் நிற்கிறது. உறை அவர் பாதத்தருகே வெறுமையாய்க் கிடக்கிறது. மாதம் ஒருமுறை பெரியவர் வந்து இரண்டுக்கும் எண்ணெய் தடவிவிட்டுப் போகிறார்.