வரிக்கும் வரி

நோட்டில் ‘வரி’ இருந்தால் அதற்கு வரி. ஜோக் இல்லை சார், 2006-ல் அமெரிக்கா போட்ட ஆர்டர்! இந்தியா, சீனா, இந்தோனேஷியாவின் கோடு போட்ட நோட்டுகள் அநியாயத்துக்கு மலிவாம். கோடே இல்லாத நோட்டு தப்பித்தது.

மலிவில்லை என்று நிரூபிக்க பேப்பர், பசை, கம்பி, கூலி என்று கணக்கு காட்டணும். வக்கீல் ஃபீஸ் டாலரில். பெரிய கம்பெனி சமாளிக்கும். சிவகாசியில் ரெண்டு ரூலிங் மெஷின் வைத்திருப்பவர்?

இன்னொரு கூத்து. அங்கே இறக்குமதியாளர் முதலில் கட்டுவது டெபாசிட்தான். யாராவது மறு ஆய்வு கேட்டால், அசல் வரி தெரிய வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அந்த நோட்டில் எழுதிய பையன் அடுத்த கிளாஸுக்கே போயிருப்பான். விற்ற பிறகு அடக்கவிலை ஏறும் சரக்கை நான் படித்த பி.காம். காஸ்டிங்கில் பார்த்ததில்லை. இந்த ரிஸ்க்கோடு சின்ன ஆளிடம் யார் வாங்குவார்கள், சொல்லுங்கள்?