ஏடும் சான்றும்

மருதமுனையில் வீட்டிலிருந்தவாறே மென்பொருள் நிறுவனமொன்றுக்குப் பணியாற்றும் இளைஞன் ஒருவனுக்கு ஒரு சிக்கல் நேர்ந்தது. மென்பொருளிற் காணும் குறைகளையும் அவற்றின் திருத்தங்களையும் அந்நிறுவனம் ‘ரெட்மைன்’ என்னும் குறைப்பதிவேட்டில், தன் சொந்தக் கணினியிலேயே காத்துவருகின்றது. ஐ.எஸ்.ஓ. 27001 நியமம் பேணப்படுகின்றதா என்பதற்குச் சான்று திரட்டும் ‘வான்டா’ போன்ற தளமோ வெளியே, இணையத்தில் இயங்குவது. இரண்டையும் இணைத்தல் வேண்டும். அதற்காக மதிலைத் திறந்து தளத்தை உள்ளே விடுவதா?

அவனுடைய வாப்பா பள்ளிவாசலொன்றின் நம்பிக்கையாளர். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டப்படி பள்ளிக் கணக்கை வக்பு சபைக்குக் காட்டக் கடமைப்பட்டவர். மகனின் சிக்கலைக் கேட்ட அவர், “ஏட்டையா மகன் கொழும்புக்கு அனுப்புற? கணக்கைத்தானே” என்றார்.

வழி பிறந்தது. வாசிக்க மட்டும் உரிமையுள்ள திறவுகோலுடன் சிறு நிரலொன்று உள்ளிருந்தே பதிவேட்டைப் படிக்கும். குறை கண்ட நாள், பொறுப்பேற்றவர், தீர்ந்த நாள் ஆகியவற்றை மட்டும் வெளியே அனுப்பும். வாடிக்கையாளரின் பெயரும் விலாசமும் அகத்தேயே தங்கும். தேவைக்கு மிஞ்சிய தரவைக் கையாளலாகாது என்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நெறியுமன்றோ?

ஆயினும், தீராத குறையைத் ‘தீர்ந்தது’ என ஒருவர் எழுதிவிடின், இணைப்பு அப்பொய்யையும் பிழையின்றிக் கொண்டுசேர்க்கும். பள்ளிக் கணக்கைக் காப்போரை ஊர் நம்பிக்கையாளர் என்கின்றது. அப்பெயருக்குரிய பண்பு குறைப்பதிவேட்டில் எழுதுவோருக்கும் வேண்டும்.