‘போல்’ என்ற ஒரு சொல்



2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை வட்டாரத்துத் தென்னைகளைச் சாய்த்ததை நாம் மறக்கவில்லை. எங்கள் தோப்பும் வீழ்ந்தது. மின்சாரமற்ற அந்த இரவுகளில் உறக்கமும் என்னை விட்டு நீங்கியது.

சில வாரங்கள் கழித்து, மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென என் குரல் வேறொருவர் குரல் போல் ஒலித்தது. ரெஹாலின் மீதிருந்த கை என்னுடையதல்ல போல் தோன்றியது. பிள்ளைகள் கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருப்பது போல் இருந்தது. தொழுகையிலும் அதே நிலை நீடித்தது. ஈமான் போய்விட்டதோ, புத்தி பேதலிக்கிறதோ என்று அஞ்சினேன்.

“ஜின்னின் தீண்டல்தான் மாப்பிள்ளை. ஏர்வாடிக்குப் போய் நாற்பது நாள் தங்கிவிட்டு வாருங்கள்” என்றார் மாமனார். அன்பினால்தான் சொன்னார். எனக்கோ 2001 ஆகஸ்ட் 6 நினைவுக்கு வந்தது. அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியதில் 28 பேர் இறந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்ப இயலவில்லை. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது.

துணைவியாரின் வற்புறுத்தலால் தஞ்சாவூரில் மனநல மருத்துவர் ஒருவரைக் கண்டேன். அவர் கேட்டார்: “கை உங்களுடையதல்ல என்கிறீர்களா, உங்களுடையதல்லாதது போல் இருக்கிறது என்கிறீர்களா?”

“போல் இருக்கிறது டாக்டர். என் கைதான் என்று தெரியும்.”

அவர் விளக்கியது இது. தன்னிடமிருந்தே தான் விலகி நிற்பதாகத் தோன்றும் இந்நிலையை ‘டிபர்சனலைசேஷன்’ என்பர். உறக்கமின்மை, பேரதிர்ச்சி, கடும் பதற்றம், கஞ்சா போன்றவை இதைத் தூண்டலாம். இதில் உணர்வு மாறுகிறது. ‘இது வெறும் உணர்வே’ என்ற அறிவு மாறுவதில்லை. ‘சைக்கோசிஸ்’ எனும் மனநோயில் அந்த அறிவே மறைக்கப்படுகிறது. பிறர் கேளாத குரல்கள் கேட்கலாம்; தம்மைக் கொல்லச் சதி நடப்பதாக உறுதியாக நம்பலாம். அங்கே ‘போல்’ என்ற சொல்லுக்கு இடமில்லை. தமக்கு நோய் என்பதையே பலர் ஏற்பதில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ஆன்மிக வரலாற்றைக் கூறும் ‘அல்முன்கித்’ நூலில், விழிப்பும் ஒரு கனவுதானோ எனும் அளவுக்கு ஐயம் தம்மை ஆட்கொண்டதையும் அது ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்ததையும் எழுதியுள்ளார்கள். அவர்கள் நிலை என் நிலைதான் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அவ்வளவு பெரிய அறிஞர் அதை நோய் என்றே குறிப்பிட வெட்கப்படவில்லை என்பது எனக்கு ஆறுதலளித்தது.

பெற்றோரே, பிள்ளை இவ்வாறு சொன்னால் கேலி செய்யாதீர்கள். குஃப்ர் என்று அச்சுறுத்தாதீர்கள். பொறுமையுடன் கேளுங்கள். எனினும் ‘போல்’ என்கிறானே என்று நீங்களே முடிவு கட்டிவிடவும் வேண்டாம். சைக்கோசிஸின் தொடக்கத்திலும், சில வலிப்பு நோய்களிலும் இத்தகைய உணர்வு வரக்கூடும். பிரித்தறிவது மருத்துவரின் பணி. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

சைக்கோசிஸ் என்றே தெரியவந்தாலும் அது இழிவன்று. புத்தி தெளியும்வரை அத்தகையோர் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்று மார்க்கமே அவர்களுக்குச் சலுகை தந்திருக்க, நாம் ஏன் தண்டிக்க வேண்டும்? மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

உறக்கம் சீரானது, ஆலோசனையால் அச்சம் தணிந்தது. அடுத்த ரமளானுக்கு முன் என் குரல் மீண்டும் என் குரலாகவே கேட்டது. அல்ஹம்துலில்லாஹ். மாமனாரும் இப்போது தம் முழங்கால் வலியோடு உறக்கமின்மையையும் மருத்துவரிடம் சொல்கிறார்.

உள்ளம் நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக. ஆமீன்.