கூந்தன்குளம்

பங்குனி வெயிலுக்கு அஞ்சாமல் திருநெல்வேலியிலிருந்து தெற்கே நாங்குநேரிப் பக்கமாகப் பிரயாணம் செய்து, பனைமரங்களும் முட்புதர்களும் நிறைந்த வறண்ட நிலத்தைத் தாண்டிக் கூந்தன்குளத்தை அடைகிறவர்களை முதலில் எதிர்கொள்வது கண்ணுக்கினிய காட்சி அன்று. மீனும் எச்சமும் கலந்த ஒரு வாடையே. அதனைப் பொறுத்துக்கொள்ள இயலாதவர் அவ்வூரின் மகிமையை அறிய இயலாதவர் என்பது என் அபிப்பிராயம்.

கூந்தன்குளம், காடன்குளம் என்னும் இரண்டு ஏரிகளும் சேர்ந்து 129 ஹெக்டேர் பரப்புடையவை. பருவமழையோடு மணிமுத்தாற்று அணையின் கால்வாய் நீரும் வந்து சேருவதால், வேடந்தாங்கலில் பறவைகள் விடைபெறத் தொடங்கும் வசந்த காலத்தில் இங்கே கூடுகளில் குஞ்சுகளின் ஆரவாரம் மிகுந்திருக்கும். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாக்களும், கரண்டிவாயன்களும், வெள்ளை அரிவாள்மூக்கன்களும் தங்கியிருக்கின்றன. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் அப்போது வடதிசைப் பயணத்துக்கு ஆயத்தமாகிவிடுவதால், அவற்றைக் காண விரும்புவோர் தை மாதத்திலேயே வருவது உத்தமம்.

ஆனால் ஏரியைவிட ஊரே விசேஷமானது. வேறிடங்களில் மனித சஞ்சாரம் கண்டு விலகுகிற மஞ்சள்மூக்கு நாரை, இங்கே வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் கூடு கட்டி, கீழே பாத்திரம் துலக்கும் பெண்களையும் ஓடியாடும் குழந்தைகளையும் சிறிதும் பொருட்படுத்தாமல் குடித்தனம் நடத்துகிறது. வளர்ந்த நாரைக்குக் கூவும் குரல் கிடையாது. அலகுகளை ஒன்றோடொன்று தட்டி ஒலியெழுப்புவதே அதன் பாஷை. ஊரை அதிரவைப்பதெல்லாம் இரை கேட்டுக் கதறும் குஞ்சுகள்தாம். உச்சிவேளையில் தாயோ தந்தையோ சிறகை அகல விரித்து, தன் முதுகில் வெயிலைத் தாங்கிக் குஞ்சுகளுக்கு நிழல் தந்து அசையாது நிற்பதை எவ்வளவு நேரம் பார்த்தாலும் சலிப்பதில்லை.

அரசாங்கம் இவ்விடத்தைச் சரணாலயமாக அறிவித்தது 1994-இல். ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இது சேர்ந்த செய்தி வெளியானது 2022-இல். அவ்விரண்டுக்கும் வெகுகாலம் முன்பிருந்தே, பறவைகளின் வரவு ஊருக்குச் சுபம் என்னும் நம்பிக்கையால், ஜனங்கள் தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல், கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்துக் காத்து வந்திருக்கிறார்கள். இதில் பக்தி மாத்திரம் உண்டென்று நான் சொல்லமாட்டேன். எச்சம் ஊறிய ஏரி வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்பதைக் குடியானவர் நன்கறிவர். லாபமும் அன்பும் இவ்வாறு ஒரே திசையில் இழுப்பது பறவைகளின் பாக்கியம்.

காண வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுவது நல்லது. தெருமரங்களின் அடியில் நிற்க உத்தேசமிருந்தால் குடையும் அவசியம். அது வெயிலுக்காக மட்டும் அன்று.