கூஸ் பேக்கு வந்த அழையா விருந்தாளி

இருபது பேருக்கு இலை போடத்தான் இடமிருக்கிறது. வாசலில் ஐந்நூறு பேர் வந்து நிற்கிறார்கள். வீட்டுக்காரர் கதி என்ன? கனடாவின் வடகிழக்குக் கோடியில், லாப்ரடார் பிரதேசத்திலுள்ள கூஸ் பே விமான நிலையத்துக்கு 2017 செப்டம்பர் 30-ந் தேதி அப்படியொரு சோதனை வந்தது.

சுற்றிலும் ஊசியிலைக் காடு. ஊர் ஜனத்தொகை சுமார் 8,000. ஆனால் 1941-ல் யுத்தத்துக்காகப் போட்ட விமானத் தளத்தின் ஓடுபாதை மட்டும் இன்று 11,000 அடிக்கு மேல்! அட்லாண்டிக்கைத் தாண்டும் விமானங்களுக்கு ஆபத்துக் காலத்தில் கைகொடுப்பது இந்த நீளந்தான்.

அன்று பாரிஸிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தது ஏர் பிரான்ஸின் ஏ-380. இரண்டு மாடிகள், நான்கு என்ஜின்கள். பிரயாணிகள் 497 பேர், சிப்பந்திகள் 24 பேர். கிரீன்லாந்துக்கு மேலே 'டமார்' என்று ஒரு சத்தம். வலது கோடியிலிருந்த என்ஜினின் முன்புற விசிறி அப்படியே பிய்ந்து, கீழே பனியில் விழுந்துவிட்டது. மற்ற மூன்று என்ஜின்களைக் கொண்டு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறந்து, கூஸ் பேயில் பத்திரமாக இறக்கினார்கள். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

ஆனால் இறங்கினவர்களை எங்கே வைப்பது? நிலையத்தில் அத்தனை பேருக்கு வசதியில்லை. மறுநாள் காலை வேறு விமானங்கள் வரும்வரை, இரவு முழுவதும் பிரயாணிகள் அதே ஆசனங்களில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு நடுவழியில் ரயில் நின்றுபோன அனுபவமுள்ள தாய்மார்களுக்கு அதன் அருமை தெரியும்.

பிரயாணிகள் ஜன்னல் வழியே எடுத்த படங்கள், விமானம் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களின் கைக்குப் போயின. ஒரு தகடு உடைவதுண்டு. விசிறி முழுவதும் காணாமல் போவதாவது! அவர்களுக்கு அதுவே பேச்சு. பழுதான என்ஜின் இருந்த இடத்தில் இன்னொன்றைப் பொருத்தி, ஆனால் அதை ஓட்டாமல், மூன்று என்ஜின்களோடேயே டிசம்பர் 6-ந் தேதி விமானத்தைப் பாரிஸுக்கு ஓட்டிப் போனார்கள். இரண்டு மாதங்களுக்கு மேல் தங்கிய விருந்தாளி!

ஏன் உடைந்தது என்ற கேள்விக்குப் பதில் பனிக்கடியில் கிடந்தது. வெடிப்புகள் நிறைந்த அந்தப் பனிவெளியில் தேடித் தேடி, 2019 கோடையில் சுமார் நான்கு மீட்டர் ஆழத்திலிருந்து 150 கிலோ எடையுள்ள டைட்டானியத் துண்டைத் தோண்டியெடுத்தார்கள். விசிறித் தகடுகளைத் தாங்கும் மையப் பகுதி அது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, உலோகத்தின் உள்ளே விரிசல் தொடங்கியிருந்தது. அதே ரக என்ஜின்களின் மையப் பகுதிகளையெல்லாம் சோதிக்க உத்தரவாயிற்று.